சரியாகிவிடும் என்று சொல்லாதவர்

மேடத்துக்குக் கோபம் வரப்போகிறது என்பதை மரியாதையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சாதாரண நாளில் நான் அவருக்கு "அண்ணா". லேசான கோபத்தில் "ஏனுங்கண்ணா". நிஜமான கோபம் வந்துவிட்டால், "ஏனுங்க சார், சித்த இங்க வந்துட்டுப் போறீங்களா?" அந்த 'சார்' காதில் விழுந்ததும், அன்றைக்கு நான் செய்த தப்புகளை மனதுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டே போவேன். வரிசையில் இல்லாத ஒன்றுக்குத்தான் திட்டு விழும்.

ஒண்டிக்கடை முக்கில் குடையும் பிளாஸ்டிக் வாளியும் விற்ற ஒரு பாயின் மகள் அவர். எங்கெங்கோ போய்ப் படித்துவிட்டு, பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டு ஏற்காட்டுக்கே திரும்பி வந்தார். ஊரே சந்தோஷப்பட்டது. கொட்டச்சேடு பக்கம் ஒரு எஸ்டேட்டின் பழைய காப்பி குடோனை வாடகைக்குப் பிடித்தபோது, ஆஸ்பத்திரி வரப்போகிறது என்று முதல் வாரமே நாலு பேர் இருமிக்கொண்டு வந்து நின்றார்கள்.

"நான் அந்த டாக்டர் இல்லீங்க. புழுவ ஆராய்ச்சி பண்றவ."

"அதுதானுங்க வேணும். பையனுக்கு வயித்துல புழு."

அன்றுதான் அவர் கோபத்தை முதலில் பார்த்தேன். பார்த்தும் வேலைக்குச் சேர்ந்தேன் என்றால் என் நிலைமையை நீங்களே புரிந்துகொள்ளலாம். அதற்கு முன் நான் சுற்றுலா ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டினேன் என்பதைவிடக் கதை விட்டேன் என்பது சரி. எந்தப் பாறையைக் காட்டினாலும் அதிலிருந்து ஒரு ராஜகுமாரி குதித்திருப்பாள். ஒரே நாளில் மூன்று பாறைகளிலிருந்து ஒரே ராஜகுமாரியைக் குதிக்க வைத்த அனுபவம் எனக்கு உண்டு. ஜீப்பின் இன்ஜின் போன பிறகு கதை கேட்க ஆள் இல்லை. மேடம் என்னை 'ஃபீல்டு அசிஸ்டென்ட்' ஆக்கினார். ஓடையில் இறங்குவது, கண்ணாடித் தட்டு கழுவுவது, கறிக்கடையில் ஈரல் வாங்குவது, திட்டு வாங்குவது.

இரண்டாம் நாள் கண்ணாடித் தட்டு ஒன்றைக் கீழே போட்டு விரிசல் விட வைத்தேன்.

"பரவால்லீங்க மேடம், சரியாப் போயிரும்."

அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்தார்.

"எது சரியாப் போயிருமுங்க?"

"அது... தட்டுங்க."

"எப்படிங்க போகும்? கண்ணாடி வளருமுங்களா?"

பேச்சுக்குச் சொன்னது என்றேன். அதைத்தான் தன்னால் தாங்க முடியவில்லை என்றார். இந்த ஊரில் கால் ஒடிந்தாலும், கடை மூழ்கினாலும், கல்யாணம் நின்றாலும் 'சரியாப் போயிரும்' என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அப்புறம் சரிசெய்ய வேண்டியவன் யார்? அரை மணி நேரம் பேசினார். உடைந்தது ஒரு தட்டு.

ஏன் அந்த ஒரு வார்த்தை மேல் அப்படி ஒரு வெறுப்பு என்று யாருக்கும் தெரியாது. என் வழக்கப்படி நான் சில காரணங்களைக் கட்டி ஊருக்குள் விட்டேன். காதல் தோல்வி என்று ஒன்று, அப்பா நோயில் கிடந்தார் என்று ஒன்று. இரண்டும் அவர் காதுக்குப் போய், இரண்டுக்கும் தனித்தனியாக 'சார்' ஆனேன்.

புழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளனேரியா என்று பெயர். விரல் நகத்தின் நீளம்கூட இருக்காது. பழுப்பு நிறத்தில் வெட்டிய ரிப்பன் துண்டு போல ஓடைக் கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். தலையில் இரண்டு கண்கள், இரண்டும் மூக்கைப் பார்க்கும் மாறுகண். பச்சை ஈரலை வலைத்துணியில் கட்டித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தால் விருந்துக்கு வருவது மாதிரி வந்து அப்பும். தட்டில் விட்டு, பிளேடால் தலையைச் சீவிவிட்டால், தலை இல்லாத உடம்பு சாகாது. முதல் நாள் காயம் மூடும். மூன்றாம் நாள் நிறமில்லாத ஒரு மொட்டு. ஐந்தாம் நாள் மொட்டில் இரண்டு கரும்புள்ளிகள். ஒரு வாரத்தில் புதுத் தலை, உள்ளே புது மூளை, பழையபடி மாறுகண். வெட்டிய தலையும் சும்மா இருக்காது, தனக்கு ஒரு வாலை வளர்த்துக்கொண்டு இன்னொரு புழுவாகிவிடும். என் தலையைச் சீவினால் ஒரு வாரம் எல்லாம் ஆகாது, உள்ளே கட்ட வேண்டியது அவ்வளவு இல்லை என்று ஒரு நாள் சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை. "டேட்டா இல்லாமச் சொல்லக் கூடாது" என்றார்.

வெட்டுவதற்கு முன் ஒரு வாரம் புழுவுக்குத் தீனி கிடையாது. பட்டினி போட வேண்டும். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. தூக்கில் போடுகிறவனுக்கே கடைசியாகச் சோறு போடுகிறார்கள். ஒரு முறை, மறுநாள் வெட்டப்போகும் தட்டுக்கெல்லாம் மேடம் கிளம்பிய பிறகு ஆளுக்குக் கொஞ்சம் ஈரல் வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டன. எனக்கும் நிறைவாக இருந்தது. மறுநாள் பிளேடு பட்டதும் வயிறு கிழிந்து, தின்றதெல்லாம் தண்ணீரில் கலந்து நாறி, மூன்றாம் நாள் ஒரு தட்டு விடாமல் கரைந்து போயிருந்தது. இரண்டு மாத வேலை.

"ஏனுங்க சார், எதுக்குங்க தீனி வெச்சீங்க?"

"பாவமா இருந்துச்சுங்க."

"உங்க பாவத்துக்கு அதுங்க செத்துப் போச்சுங்க. பாவப்பட்டது நீங்க, செத்தது அதுங்க. நல்லா இருக்குதுங்களா இது?"

அப்போது எனக்கு அது ஒரு திட்டு. அவ்வளவுதான்.

தலை எப்படி வளர்கிறது என்று எனக்குப் புரியும்படி அவரால் சொல்ல முடியவில்லை. எனக்குப் புரிந்தபடி நான் திருப்பிச் சொன்னதை, முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். காலையில் ஒண்டிக்கடை முக்கில் கொத்து வேலைக்காரர்கள் கரண்டியோடு நிற்பார்கள் அல்லவா, யார் கூப்பிட்டாலும் எந்த வேலைக்கும் போகத் தயாராக? அதுபோல இந்தப் புழுவின் உடம்பு முழுக்க ஸ்டெம் செல்கள் நிற்கின்றன. நரம்பு கேட்டால் நரம்பு கட்டும், கண் கேட்டால் கண் கட்டும். நமக்கு மூளையிலும் முதுகுத் தண்டிலும் அப்படி நின்றுகொண்டிருக்கும் ஆள் இல்லை. அங்கே அறுந்தால் தழும்பு கட்டும், நரம்பு கட்டாது.

ஆனால் மேடத்தின் நிஜமான ஆராய்ச்சி இந்தக் கெட்டிக்காரப் புழுவில் இல்லை. மஞ்சக்குட்டை ஓடையில் வேறொரு இனம் இருந்தது, வெளிறிப்போன, பார்க்கச் சோகையான புழு. அதை நடுவில் வெட்டினால் வால் துண்டுக்குத் தலை வராது. காயம் மூடும், அத்தோடு சரி. தலையில்லாமலே சில வாரம் கிடந்து செத்துவிடும். இதன் உடம்பிலும் ஸ்டெம் செல் உண்டு. ஆட்கள் கரண்டியோடு நிற்கிறார்கள், இங்கே தலை கட்டு என்று சொல்ல மேஸ்திரி வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் அவர் கேள்வி.

"புழுவுலயே ஒண்ணுக்கு முளைக்குது, ஒண்ணுக்கு முளைக்கலை. இதுக்கே எனக்கு விடை தெரியலைங்கண்ணா" என்பார், அந்த வால் துண்டுகளையே பார்த்துக்கொண்டு. நான் முளைப்பதைத்தான் வேடிக்கை பார்ப்பேன். அவர் முளைக்காததன் முன்னால் உட்கார்ந்திருப்பார்.

எஸ்டேட் ரைட்டர் விஷயமும் உண்டு. கணக்கு எழுதுகிற பெரியவர், சர்க்கரை வியாதிக்காரர். காலில் ஒரு புண்ணோடு மூன்று மாதமாக நடந்தார். பார்த்தவர்கள் எல்லாம் மஞ்சள் வைக்கச் சொன்னார்கள், வேப்பிலை வைக்கச் சொன்னார்கள், சரியாப் போயிரும் என்றார்கள். மேடம் குனிந்து பார்த்துவிட்டு, பத்துப் பேர் நடுவில், "இது சரியாப் போகாதுங்க. இப்பவே சேலம் போகலைன்னா கால எடுத்துருவாங்க" என்றார். ரைட்டருக்கு முகம் கறுத்தது. "ஏம்மா, வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றார். மேடமே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார். இரண்டு விரல் போனது, கால் பிழைத்தது. ரைட்டர் அதற்கப்புறம் அவரோடு பேசவே இல்லை. அந்தப் பொம்பளை வாய் வைத்ததால்தான் விரல் போனது என்று அந்தக் காலாலேயே ஊரெல்லாம் நடந்து சொன்னார்.

என் சகலை ஒருவன் மஞ்சக்குட்டையில் இருந்தான். என் மனைவியின் தங்கை சாந்தியின் புருஷன். மிளகு பறிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒற்றை மூங்கிலில் கணுக்களையே படியாக விட்டுச் செய்த ஏணியை, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் சாத்தி, அணில் மாதிரி ஏறுவான். ஒரு மழைக்கு மறுநாள் மூங்கில் வழுக்கியது. முதுகெலும்பு ஒடிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போனது.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தான். அங்கே ஒரு பயிற்சியாளர் அவனுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்: கட்டிலுக்கு மேலே ஒரு கயிறு, அதைப் பிடித்து எழ வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு தரம் புரண்டு படுக்க வேண்டும். கையை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும், அவனுக்கு வலி தெரியாது, புண் எலும்புவரை போகும். ஒரு சக்கர நாற்காலியும் கொடுத்தார்கள். சகலை முதலில் ஒழுங்காகச் செய்தான். கயிறு பிடித்து எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டுவான். அவன் திட்டினால் உடம்பு நன்றாயிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கோடை விழாவுக்கு மேடம் ஒரு மேசை போட்டார். தட்டில் புழு, லென்ஸ், படங்கள். மதியம் தொழுகைக்குப் போகும்போது என்னிடம், "யாராச்சும் கேட்டா படத்துல எழுதியிருக்கறத மட்டும் படிச்சுக் காட்டுங்கண்ணா" என்றார். அவர் போனதும் செல்போனைக் கம்பில் மாட்டிக்கொண்டு ஒரு தம்பி வந்தான், யூடியூப் சேனலாம். கேமராவைப் பார்த்ததும் எனக்குள் இருந்த ஜீப் டிரைவர் எழுந்துவிட்டான்.

"ஏழே நாள்ல புது மூளைங்க! புழுவுக்கே முளைக்குது, மனுசனுக்கு முளைக்காதுங்களா? எல்லாம் இந்த ஸ்டெம் செல்லுதானுங்க. முதுகெலும்பு ஒடிஞ்சவன்கூட எந்திரிச்சு ஓடப்போறான் பாருங்க, நம்ம ஏற்காட்டுப் புழுவால!"

வீடியோ தீயாகப் பரவியது. ஊரில் என்னைப் 'புழு சார்' என்றார்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மேடம் அதையெல்லாம் பார்ப்பவர் அல்ல. இரண்டு மாதம் தப்பித்தேன்.

ஒரு நாள் சகலைக்குக் கட்டில் விரிப்பு கொண்டுபோகிறேன் என்று அரை நாள் லீவு கேட்டேன். எப்படி இருக்கிறார் என்று மேடம் கேட்டார். "நொம்ப நம்பிக்கையா இருக்கானுங்க. கீழ ஒரு ஆஸ்பத்திரியில ஸ்டெம் செல் ஊசி போடறாங்களாம். இடுப்பெலும்புல இருந்து எடுத்து முதுகுல போடுவாங்களாம். தேதி குடுத்துட்டாங்க. காப்பித் தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுட்டுப் போறானுங்க" என்றேன்.

"எந்த ஆஸ்பத்திரி? எப்படித் தெரிஞ்சுதாம்?"

என் செல்போனில் காட்டினேன், முட்டாள். ஆஸ்பத்திரி விளம்பரம். முதலில் எங்கள் தட்டு, எங்கள் புழு, பின்னால் மேடம் கையால் எழுதிய அட்டை. அப்புறம் பல்லெல்லாம் தெரிய நான். 'எந்திரிச்சு ஓடப்போறான் பாருங்க!' அதோடு ஒரு போன் நம்பர்.

அவர் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். 'சார்' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கையிலிருந்த பிளேடை மூடி வைத்துவிட்டு, "வண்டிய எடு" என்றார். எட்டு வருஷத்தில் முதல் முறையாக ஒருமை. 

சகலை வீட்டில் நாங்கள் போனபோது மூன்று பெண்கள் பார்க்க வந்திருந்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில், ஆரஞ்சு, வழக்கமான வார்த்தை. கட்டிலுக்கு மேலே கயிறு சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. மேடத்தின் கண் நேரே அங்கேதான் போனது.

"ஏனுங்க, இத யாரு கட்டி வெச்சது?"

"நாந்தானுங்க" என்றான் சகலை. முகம் ஊதி, மெழுகு மாதிரி இருந்தான். "புதுசா நரம்பு முளைக்கப் போகுது. அப்புறம் எதுக்குங்க இந்தக் குரங்காட்டம்?"

"எத்தனை நாளாச்சுங்க எந்திரிச்சு?"

"அவரு ஓய்வா இருக்கட்டும்னு விட்டுட்டோமுங்க" என்றாள் சாந்தி. "பாவம், கை வலிக்குதுங்கறாரு."

மேடம் வந்த பெண்களைக் கும்பிட்டு வெளியே அனுப்பினார். சாந்தி தடுக்கத் தடுக்க விரிப்பை விலக்கி, என்னைப் பிடிக்கச் சொல்லி, சகலையைப் புரட்டினார். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சதை கறுத்து, நடுவில் குழிந்திருந்தது. நாற்றம் வந்தது. சாந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. "என்னத்தப் பாக்கறீங்க?" என்று தலையணைக்குள்ளிருந்து கேட்டான்.

"உங்களுக்கு ஊசி தேதி வரைக்கும் தாங்காதுங்க" என்றார் மேடம். "இந்தப் புண்ணுலயே போயிருவீங்க."

"வாயக் கழுவுங்க!" என்று சாந்தி கத்தினாள்.

"கழுவிக்கறேனுங்க. அந்த ஊசியிலயும் நரம்பு முளைக்காதுங்க. புழுவுக்கு முளைக்கும். அதுலயும் உங்க ஊரு ஓடையில இருக்கறதுக்கு முளைக்காது. நான் எட்டு வருசமா அது ஏன்னு பாக்கறேன், எனக்குத் தெரியலை. நாளைக்கு ஒரு காலம் யாராச்சும் கண்டுபிடிக்கலாம். இன்னைக்கு அந்த ஆஸ்பத்திரிக்காரனுக்குத் தெரியாது. தெரியும்னு சொல்றான்னா பொய் சொல்றான்."

"டிவியில வர்ற மாதிரி வந்துச்சே, மாமாவே சொன்னாரே!" என்று சாந்தி என் பக்கம் திரும்பினாள்.

மேடமும் திரும்பினார். "அவரையே கேளுங்க. முளைக்கும்னு சொன்ன வாய்தானுங்களே, அதுவே சொல்லட்டும்."

ஒன்று சொல்கிறேன். எத்தனையோ ராஜகுமாரிகளைத் தள்ளிவிட்டிருக்கிறேன், ஒரு தரம்கூட நாக்கு ஒட்டிக்கொண்டதில்லை. அன்று ஒட்டியது. ஒரு நகைச்சுவை சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "சகல, எனக்கே மண்டையில முடி முளைக்கலை..." என்று ஆரம்பித்தேன். யாரும் சிரிக்கவில்லை. என் வாழ்நாளில் நான் சொன்னதிலேயே கேவலமான நகைச்சுவை அதுதான்.

"முளைக்காது, சகல" என்றேன். "நான் ஒளறினேன். கேமராவப் பாத்ததும் வாயில வந்ததச் சொன்னேன். எனக்கு ஒரு எழவும் தெரியாது."

 சகலை வாயைத் திறந்தான். அச்சில் போடக்கூடியது இவ்வளவுதான்: "எட்டு மாசமா தினம் காலையில எந்திரிச்சதும் கட்டை விரலப் பாக்கறேன்டா. ஆடுதா ஆடுதான்னு. வர்றவன் போறவன் எல்லாம் சரியாப் போயிரும், சரியாப் போயிரும். ஒரு நாயாவது வாயத் தொறந்து இல்லைன்னு சொல்லுச்சா? டாக்டருகூடப் பாக்கலாம்னுதானே சொன்னான்? இல்லைன்னு தெரிஞ்சிருந்தா நான் வேற எதையாச்சும் பாத்திருப்பேன் இல்லடா?" பக்கத்தில் இருந்த டம்ளர் என் காதோரம் பறந்தது. "வெளிய போங்க, ரெண்டு பேரும்."

போனோம். ஆனால் மேடம் வாசல்வரை வந்தவர், கதவுக்குப் பின்னால் அரிசி டிரம்மில் சாய்த்து வைத்திருந்த சக்கர நாற்காலியைப் பார்த்துவிட்டார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"இது ஏனுங்க இப்படியே இருக்குது?"

 நான்தான் கையைக் காட்டினேன். வாசல் படி. அரை முழ உயரம், கல்லும் சிமெண்டும். வெள்ளி தவறாமல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற படி. நாற்காலி அதைத் தாண்டாது. எழுந்து நடக்கப்போகிறவனுக்காக யாராவது வாசப்படியை இடிப்பார்களா?

அன்று சாயங்காலமே சகலையை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தது மேடம்தான். அவன் அவரோடு பேசவில்லை, ஆனால் வண்டியில் ஏற்றச் சம்மதித்தான். நான் ஓட்டினேன்.  ஆஸ்பத்திரி போனவுடன் மேடம் போனை எடுத்து அந்த விளம்பரக்காரர்களைப் பிடித்து 'ஏனுங்க சார், ஏனுங்க சார்' என்று அரை மணி நேரம் தாளித்தார். அவர்கள் வீடியோவை எடுக்கவில்லை. இன்றும் எங்கோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றும், அந்த வீடியோவில் தெரிகிற அத்தனை பல்லையும்.

புண் ஆற ஏழு வாரம் ஆனது. வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் சாந்தி போன் செய்தாள். "மாமா, உடனே வாங்க. அந்தம்மாவையும் கூட்டிட்டு வாங்க. இவருக்குப் புத்தி கெட்டுப் போச்சு."

போனால், சகலை வாசலுக்கு உள்பக்கம் பாய் விரித்துக் குப்புறப் படுத்திருந்தான். கையில் சுத்தியல், உளி. படியை இடிக்க வேண்டுமாம். இடிக்க முடியவில்லை, ஏனென்றால் சாந்தி அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். வாசப்படியில் உட்காரக் கூடாது என்று என்னையே எத்தனையோ தரம் விரட்டியவள்.

"எந்திரிடி!"

"எந்திரிக்க மாட்டேன். இதை இடிச்சா நீங்க இனி நடக்க மாட்டீங்கன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி."

"நடக்க மாட்டேன்டி! அதத்தானே அந்தம்மா சொல்லுச்சு!"

சாந்தி மேடத்தைப் பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நீங்க படிச்சவங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். என்னைக்காவது சரியாயிரும்னு சொல்லுங்க. இப்பவே எந்திரிச்சுக்கறேன். இடிச்சுக்கட்டும்."

நான் மேடத்தைப் பார்த்தேன். சொல்லித் தொலையுங்களேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். ஒரு வார்த்தை. பொய்யாலேயே ஒரு நல்ல காரியம் நடக்கும் என்றால் என்ன குறைந்துபோகும்? நானாக இருந்தால் நூறு தரம் சொல்லியிருப்பேன்.

அவர் வாயைத் திறந்தார், மூடினார். வார்த்தை வராமல் அவர் திணறுவதை அன்று ஒரு நாள்தான் பார்த்தேன். கோபம் எல்லாம் போய், முகம் சின்னப் பெண் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"என்னால முடியாதுங்க சாந்தி" என்றார். "சொல்லணும்னு இருக்குது. ஆனா நாளைக்கு இவரு மறுபடி கயித்தக் கட்டி வெச்சுட்டுப் படுத்துக்குவாரு."

சாந்தி அசையவில்லை. மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு, போய் அவள் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், எதிரே காய்ந்த மிளகுக் கொடிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சகலை கையில் சுத்தியலோடு இரண்டு முதுகுகளைப் பார்த்துப் படுத்திருந்தான். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன். கால் மணி நேரம் இருக்கும்.

"பத்து வருசமா மஞ்சப் பூசறேன்" என்றாள் சாந்தி, யாரிடமோ. "ஒரு வாரம் விட்டதில்லை. என்ன மயித்தக் காப்பாத்துச்சு இது?"

 சாந்தி எழுந்து உள்ளே போனாள். ஒரு ஈரத்துணியோடு வந்தாள். குந்தி உட்கார்ந்து, மஞ்சளையும் குங்குமத்தையும் அழுத்தி அழுத்தித் துடைத்தாள், கல்லின் நிறம் தெரிகிறவரை. துணியை முற்றத்தில் வீசினாள்.

"ஒடைங்க" என்றாள்.

படுத்துக்கொண்டு உளியையும் பிடித்து சுத்தியலையும் அடிக்கச் சகலையால் முடியவில்லை. "வேடிக்கை பாக்கவா வந்த? வந்து புடி" என்றான். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து உளியைப் பிடித்தேன். முதல் அடி உளியின் தலையில் விழுந்து, சிமெண்டு பெயர்ந்தது. இரண்டாவது அடி என் கட்டை விரலில். கை தவறிவிட்டது என்று இன்றுவரை அவன் சொன்னதில்லை.

நான் விரலை வாயில் வைத்துக்கொண்டு குதித்தேன். மேடம் என் கையைப் பிடித்து இழுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக் கறுத்துக்கொண்டிருந்தது.

"நகம் விழுந்துருமுங்கண்ணா" என்றார். "ஆனா இது முளைக்கும். அடியில அதுக்கு ஸ்டெம் செல் இருக்குது. ஆறு மாசத்துல முழுசா வந்துரும்."

சகலை சுத்தியலை ஓங்கியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"முளைக்குமில்ல?" என்றான். "அப்ப மறுபடி நீட்டு."